அருவிக்கரையில் ஒரு தீஸிஸ்!

ஆனி மாதம் பிறக்க வேண்டியதுதான். மேற்கே மலை முகட்டில் மேகம் கவியும். 'குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டதாம்!' என்ற செய்தி காதில் விழுந்ததோ இல்லையோ, எண்ணெய்ப் புட்டியும் துண்டும் பைக்குள் புகுந்துகொள்ளும். பேரருவியா, ஐந்தருவியா, பழைய குற்றாலமா என்று வழி நெடுகச் சர்ச்சை நடக்கும். குளித்து எழுந்தால் அகோரப் பசி! அந்தப் பசிக்கு முன்னால் எந்தச் சர்ச்சையும் நிற்காது.

இப்படி ஆனந்தமாகக் குளிக்க வந்த இடத்தில், "கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் ஆராய்ச்சி செய்து, டாக்டர் பட்டத்துக்குத் தீஸிஸ் எழுதுவது எப்படித் தெரியுமா?" என்று ஒருவர் பேச்சை எடுத்தால் உங்களுக்குக் கோபம் வரலாம். "அருவியைப் பார்க்க விடுங்கள், ஐயா!" என்பீர்கள். தாராளமாகப் பாருங்கள். நல்ல தீஸிஸ் ஒன்று அந்த அருவியிலேயே இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பட்டம் கேட்காத கம்பெனி

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்று ஒரு கிராமம். 2011-ம் ஆண்டில் ஸோஹோ என்ற கம்ப்யூட்டர் கம்பெனி அங்கே ஓர் அலுவலகத்தைத் திறந்தது. வாடிக்கையாளர்களின் புகார்களைக் கவனித்துப் பதில் சொல்வதற்காகப் பல நாட்டு நிறுவனங்கள் உபயோகிக்கும் 'ஸோஹோ டெஸ்க்' என்ற சாதனம் உருவானது அந்தக் கிராமத்தில்தான்.

அதைவிட ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கம்பெனி தானே ஒரு பள்ளி நடத்துகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கையில் உதவித் தொகையும் கொடுத்து, வேலை கற்றுக்கொடுத்து, வேலையும் போட்டுக் கொடுக்கிறது. காலேஜ் பட்டம் எங்கே என்று கேட்பதில்லை!

இது தென்காசிப் பக்கத்து வீடுகளில் ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பிவிடத்தானே செய்யும்? எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, "மேலே ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்கிற பெண்ணைப் பார்த்து ஆச்சி கேட்பாள்:

"ஏட்டி, பக்கத்திலேயே வேலை இருக்கு. அங்கே பட்டமே கேக்க மாட்டாகளாம். நீ என்னன்னா, வாங்கின பட்டம் போதாதுன்னு இன்னும் அஞ்சு வருஷம் படிக்கணுங்கே!"

ஆச்சியின் கேள்வி நியாயமானது. பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பட்டம் கேட்காத அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஸ்ரீதர் வேம்பு. அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-ல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் 1994-ல் டாக்டர் பட்டமும் வாங்கியவர். 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகிப் பொறுப்பை விட்டுவிட்டு, ஆராய்ச்சியைக் கவனிக்கும் தலைமை விஞ்ஞானியாகவும் ஆனார். ஆகவே, வேலைக்குப் பட்டம் வேண்டாம் என்று சொன்னவரும் ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை!

இரண்டும் வேறு வேறு பயிற்சி. அதுதான் சூட்சுமம். வேலையில், 'இதைச் செய்து கொடு' என்று கேள்வியைப் பெரும்பாலும் பிறர் கொடுப்பார்கள். செய்து கொடுத்தால் போதும். ஆராய்ச்சியிலோ கேள்வியையும் நாமே தேட வேண்டும். விடையையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும். விடை சரிதான் என்பதற்குச் சாட்சியையும் நாமே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அந்த மூன்றும் சேர்ந்த புத்தகத்துக்குப் பெயர்தான் தீஸிஸ்.

ஊசிமுனைக் கேள்வி

"கேள்விதானே? ஆயிரம் கேட்கலாமே!" என்று தோன்றும். ஆனால் ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகள் தடுமாறி நிற்பது இந்த முதல் படியில்தான். 'செயற்கை அறிவைக் கொண்டு வெள்ளத்தைத் தடுப்பது' என்பது போல வானளாவத் தலைப்பு வைத்துவிடுவார்கள். அதை முடிக்க ஏழு ஜன்மம் வேண்டும்!

கேள்வி சின்னதாக, ஊசிமுனை போல இருக்க வேண்டும். துணிக்குள் இறங்குவது ஊசிதானே தவிர, உலக்கை அல்ல.

இதற்கு உதாரணம் வேண்டுமானால் கொஞ்சம் கடல் தாண்டிப் போய்வர வேண்டும். அமெரிக்காவில் பார்பரா லிஸ்கோவ் என்ற பெண்மணி 1968-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். கம்ப்யூட்டரைச் சதுரங்கம் ஆட வைப்பது அவர் எடுத்துக்கொண்ட விஷயம். முழு ஆட்டமும் அல்ல. காய்களெல்லாம் வெட்டுப்பட்டு, பலகையில் நாலைந்து மட்டும் மிஞ்சியிருக்குமே, அந்தக் கடைசிக் கட்டம் மட்டும்! அவ்வளவுதான் தீஸிஸ்.

பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தந்தது சதுரங்கம்கூட அல்ல. பெரிய புரோகிராம்களைக் குழப்பமில்லாமல் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதுவது எப்படி என்று அவர் காட்டிய வழிதான் புகழ் தந்தது. கம்ப்யூட்டர் உலகின் நோபல் பரிசு என்று சொல்லப்படும் டூரிங் விருது 2008-ம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. தீஸிஸ் என்பது வாழ்க்கையின் சிகரம் அல்ல. மலையேறக் கால் பழகும் இடம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

அவருக்கும் முன்னால் ஒருவர் உண்டு. சிஸ்டர் மேரி கென்னத் கெல்லர், ஒரு கன்னிகாஸ்திரீ! அமெரிக்காவில் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் முதன்முதலாக டாக்டர் பட்டம் பெற்ற இருவரில் ஒருவர் அவர். வருஷம் 1965. பட்டத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல், ஐயோவா மாநிலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் துறையை ஆரம்பித்து, இருபது வருஷம் நடத்தினார்.

நம் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் 1958-ல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டியும் இந்த வழியில் போனவர்தான். மனிதப் பேச்சின் ஒலியைக் கம்ப்யூட்டர் கேட்டுப் புரிந்துகொள்ள முடியுமா என்ற கேள்வியோடு 1966-ல் ஸ்டான்போர்டில் தீஸிஸ் கொடுத்தார். 1994-ல் டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். இன்று நாம் கைபேசியிடம் பேசுகிறோமே, அந்தப் பாதையை ஆரம்ப நாட்களில் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

வளைவு தெரிகிறதா?

போதும், அமெரிக்கா. அருவிக்குத் திரும்புவோம்.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலம் அருவியில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. எல்லோரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். குற்றாலத்து வெள்ளத்தின் கொடுமையே இதுதான். கீழே லேசான தூறல்கூட இராது. மேலே மலைக்குள் மழை கொட்டியிருக்கும். அது அருவிக்கு வந்து சேரும் வரையில் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

இப்போது, ஆராய்ச்சிக்குப் புறப்பட்ட பெண் ஒருத்தி அங்கே நிற்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுப் பெண்ணாகவே இருக்கட்டும். அவள் என்ன கேட்கலாம்?

'குற்றாலத்தில் வெள்ளத்தைத் தடுப்பது எப்படி?' இது உலக்கை.

'வெள்ளம் வருவதை முன்கூட்டிச் சொல்வது எப்படி?' கொஞ்சம் மெலிந்த உலக்கை.

பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. தண்ணீர் அதைத் தாண்டிக் கொட்டத் தொடங்கினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். வெள்ளம் பெருகும்போது தண்ணீரின் நிறமும் கலங்கும். சருகும் குச்சியும் சேர்ந்து வரும். 'அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு காமிராவின் படங்களைக் கொண்டு, தண்ணீர் அந்த வளைவைத் தாண்டப் போகிறது என்பதைக் கம்ப்யூட்டர் எத்தனை நிமிஷம் முன்னால் சொல்ல முடியும்?'

இதுதான் ஊசி! இடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, விடை நிமிஷக் கணக்கில் வரும். 'முடியும்' என்று வந்தாலும் விடை. 'ஐந்து நிமிஷத்துக்கு மேல் முடியாது' என்று வந்தாலும் விடைதான்.

கேள்வி கிடைத்ததும் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. இதே கேள்வியை வேறு நாட்டில், வேறு ஆற்றில் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று முதலில் படிக்க வேண்டும். அருவிக்கரையில் காவல் நிற்பவர்களிடம், இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று விசாரிக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பக் கண்டுபிடிப்பது ஆராய்ச்சி ஆகாது. படித்ததையும் விசாரித்ததையும் தொகுத்து எழுதினால் தீஸிஸின் இரண்டாவது அத்தியாயம் தயார்.

97 பெரிதா, 94 பெரிதா?

அடுத்தது பரீட்சை. பெண்ணுக்கு அல்ல, அவள் எழுதிய புரோகிராமுக்கு! இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களெல்லாம் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

வருஷத்தில் 365 நாட்கள். அதில் 10 நாட்கள் தண்ணீர் வளைவைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சோம்பேறிப் புரோகிராம் எதையும் பார்க்காமல் தினமும் 'இன்று வெள்ளம் இல்லை' என்றே சொல்கிறது. அதற்கு எத்தனை மார்க்? 365-ல் 355 நாட்கள் சரி. நூற்றுக்கு 97!

இன்னொரு புரோகிராம் மெய்யாகவே உழைக்கிறது. 10 வெள்ள நாட்களில் 8-ஐச் சரியாகச் சொல்லிவிடுகிறது. இரண்டைத் தவற விடுகிறது. வெள்ளம் வராத 20 நாட்களில் வீணாக அபாயச் சங்கு ஊதிவிடுகிறது. இதற்கு 343 நாட்கள் சரி. நூற்றுக்கு 94.

மார்க்கை மட்டும் பார்த்தால் சோம்பேறிக்குத்தான் முதல் பரிசு! ஆனால் அது ஒரே ஒரு வெள்ளத்தைக்கூடச் சொல்லவில்லை. நல்ல ஆராய்ச்சிக்கும் வெறும் ஜம்பத்துக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெரியும். 'என் புரோகிராம் நூற்றுக்கு இவ்வளவு சரி' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் போதாது. எத்தனை வெள்ளத்தைப் பிடித்தது, எத்தனையைக் கோட்டை விட்டது, எத்தனை முறை வீணாகப் பயமுறுத்தியது என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஓயாமல் வீண் சங்கு ஊதினால், மெய்யான சங்கையும் ஜனங்கள் மதிக்க மாட்டார்கள் அல்லவா?

இன்னொரு நுட்பமும் உண்டு. டியூஷனில் போட்ட அதே கணக்கைப் பரீட்சையிலும் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் நூறு வாங்கும். இதுவும் அப்படியே. எந்தப் படங்களைக் காட்டிப் புரோகிராமைப் பழக்கினோமோ, அதே நாளில் எடுத்த படங்களைக் கொண்டே சோதித்தால் அது பரீட்சை அல்ல. ஒரு வருஷத்துச் சீசன் படங்களில் பழக்கி, அடுத்த வருஷத்துச் சீசனில் சோதிக்க வேண்டும். அதோடு, இவ்வளவு பாடுபட்டு எழுதிய புரோகிராம், மலையில் மழை அளவைப் பார்த்து எச்சரிக்கும் சாதாரண வழியைவிட எவ்வளவு மேல் என்பதையும் காட்ட வேண்டும். மேலே இல்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

காமிரா எதைப் பார்க்கலாம்?

பெண்கள் குளிக்கும் இடத்தில் காமிராவா? என்ன அநியாயம் என்று நீங்கள் முகம் சுளிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அந்த முகச்சுளிப்பும் ஆராய்ச்சியில் சேர்ந்ததே!

காமிரா வளைவுக்கு மேலே பாறையையும் தண்ணீரையும் மட்டும் பார்க்க வேண்டும். குளிக்கும் ஜனங்கள் படத்துக்குள் வரவே கூடாது. எந்த அதிகாரியிடம் அனுமதி வாங்கினாள், படங்களை எங்கே வைத்தாள், யார் யார் பார்க்க முடியும், எப்போது அழித்தாள் என்பதெல்லாம் தீஸிஸில் இருக்க வேண்டும். இந்தச் சங்கடம் எதுவும் தோன்றாமல் ஒருவர் அதே ஆராய்ச்சியைச் செய்துவிடக்கூடும். துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அருவியில் நின்ற அனுபவம் உள்ள பெண்ணுக்கு அது முதல் நாளே தோன்றிவிடும். கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்குப் பெண்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

கடையில் கிடைக்கும் தீஸிஸ்

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரிய நகரங்களில் மாணவர்களுக்கு வேண்டிய ஆராய்ச்சி வேலையை முழுவதுமாகச் செய்து, அச்சடித்து, அட்டையும் போட்டு விற்கும் கடைகள் உண்டு. இப்போது கேட்ட மாத்திரத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் செயற்கை அறிவும் வந்துவிட்டது. அது இல்லாத புத்தகத்தை இருப்பதாகச் சொல்லிப் பெயரும் வருஷமும் போட்டுக் கொடுத்துவிடும்!

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் இதற்கென்று விதிகள் செய்தது. தீஸிஸைக் கம்ப்யூட்டரே பிறர் எழுத்தோடு ஒத்துப் பார்க்கும். நூற்றுக்குப் பத்து வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை இருந்தால் திருத்தி எழுதித் தர வேண்டும். அறுபதுக்கு மேல் போனால் ஆராய்ச்சிப் பதிவே ரத்து! தேறிய தீஸிஸ் 'ஷோத்கங்கா' என்ற மின் நூலகத்தில் வைக்கப்படும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம். நகைக்குச் சொந்தக்காரி அதே பந்தியில் வந்து உட்கார்ந்தால்?

வெள்ள எச்சரிக்கை போன்ற விஷயத்தில் பொய்க் கணக்கு எழுதினால் மானம் மட்டுமா போகும்? அதை நம்பி ஒருவர் அருவிக்கு அடியில் நின்றால் உயிரே போகும்.

வீட்டாருக்குச் சில விவரங்கள்

குற்றாலத்திலேயே ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964-லிருந்து நடந்து வருகிறது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரிகளுக்குத் தாய்வீடாக மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் ஏற்பட்டது. ஆகவே, ஆராய்ச்சி என்றால் பெட்டி படுக்கையுடன் வெகுதூரம் போயே தீர வேண்டும் என்பதில்லை.

மானியக் குழு 2022-ல் வெளியிட்ட விதிகளின்படி, எம்.எஸ்ஸி. போன்ற முதுநிலைப் பட்டத்தில் நூற்றுக்கு 55 மார்க் வேண்டும். சில பிரிவினருக்கு ஐந்து மார்க் சலுகை. ஆராய்ச்சிக் காலம் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம். பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷம் தளர்த்தலாம். பிரசவத்துக்கும் குழந்தை பராமரிப்புக்கும் 240 நாட்கள் வரை விடுப்பும் தரலாம். வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகவும் செய்ய இடம் உண்டு.

அகில இந்திய 'நெட்' பரீட்சையில் இளநிலை ஆராய்ச்சி உதவித் தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரியிலிருந்து அமலான கணக்குப்படி மாதம் 37,000 ரூபாய். "படித்துக்கொண்டே இருக்கிறாள்" என்று அங்கலாய்ப்பவர்களிடம் இந்தத் தொகையை மெதுவாகக் காதில் போட்டுவையுங்கள்!

கல்யாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளை வீட்டாரிடம் தேதியோடு சொல்லிவிடுவது நல்லது. 'பட்டம் வாங்கப் போகிறாள்' என்று மட்டும் சொன்னால் பிறகு மனஸ்தாபம் வரும். 'இன்ன வருஷம் பதிவு செய்தாள், இன்ன வருஷத்துக்குள் தீஸிஸ் கொடுக்க வேண்டும், அதுவரை தினம் இத்தனை மணி நேரம் அவளுக்கு வேண்டும்' என்று முன்பே பேசிக்கொண்டால், பிற்பாடு சமையலறையில் வழக்குத் தீர்க்க வேண்டியிராது.

கடைசிக் கட்டம் 'வைவா' என்கிற வாய்மொழிப் பரீட்சை. அதற்கு முன்னால் வெளியிலிருந்து குறைந்தது இரண்டு நிபுணர்கள் தீஸிஸைப் படித்திருப்பார்கள். நாலு பேர் கூடிய சபையில் நின்று பதில் சொல்ல வேண்டும். இதற்குச் சிக்கனமான ஒத்திகை ஒன்று உண்டு. "எட்டு வெள்ளத்தைப் பிடிச்சேன் ஆச்சி, ரெண்டை விட்டுட்டேன். ஏன் விட்டேன்னா..." என்று ஆச்சியிடம் சொல்லிப் பார்க்கட்டும். ஆச்சிக்குப் புரிந்துவிட்டால் நிபுணர்களுக்கும் புரியும்.

ஆச்சி சும்மா விடமாட்டாள். "அந்த ரெண்டு நாள் என்னட்டி ஆச்சு?" என்று கேட்பாள். தீஸிஸின் கடைசி அத்தியாயத்தில் எழுத வேண்டியது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான்: 'இதுவரை எனக்குத் தெரியும், இதற்கு மேல் தெரியாது, தெரியாததைத் தேட இன்னின்ன வழி இருக்கிறது.'

அந்த மூன்று வரிகளையும் கூசாமல் எழுதத் தெரிந்த பெண்ணுக்கு, அவள் பட்டம் கேட்கும் இடத்துக்குப் போனாலும் சரி, கேட்காத இடத்துக்குப் போனாலும் சரி, படித்த வருஷங்கள் வீண் போகாது.